துப்பாக்கியில் லேசர்: இருட்டில் அது எதைக் காட்டும்?

"அண்ணே, லேசர் மாட்டிட்டா குறியே பாக்க வேணாமாமே? புள்ளி எங்க விழுதோ அங்கதான் குண்டு விழும்னு கடையில சொல்றாங்க. எரநூத்தம்பது டாலர்தான் ஆகுமாம்."

டாலஸ் பக்கம் வீடு வாங்கி, கிரீன் கார்டும் வந்து, முதல் கைத்துப்பாக்கி வாங்கக் கிளம்பியிருக்கும் தம்பி ஒருவன் போனில் கேட்டது இது. (ஊரிலிருந்து படிப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: எச்1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வாங்குவதை இங்குள்ள கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. வேட்டை உரிமம் மாதிரி சில விலக்குகள் உண்டு. கிரீன் கார்டு வந்துவிட்டால் அந்தத் தடை கிடையாது.) துப்பாக்கி வைத்துக்கொள்வது சரியா தவறா என்ற சண்டைக்கு இந்தப் பதிவில் நான் வரவில்லை. அது தனிக்கதை, அதற்குத் தனியாக அடித்துக்கொள்ளலாம். வாங்குவது என்று முடிவு செய்துவிட்ட ஒருவர் லேசருக்குக் காசு போடலாமா, போட்டால் இருட்டில் அது என்ன வேலை செய்யும் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். கடைக்காரர் சொன்னது பாதி சரி. மிச்சப் பாதியை போனில் சொல்லி முடியாது என்பதால்தான் இந்தப் பதிவு.

நம்மில் பெரும்பாலோருக்கு லேசர் என்றால் சினிமாதான். வில்லன் பேசிக்கொண்டே இருப்பான், அவன் நெற்றியில் ஒரு சிவப்புப் பொட்டு மெல்ல வந்து உட்காரும், தியேட்டரில் விசில் பறக்கும். இந்த வகைக் காட்சிகளில் பேர்போனது 1984-இல் வந்த 'தி டெர்மினேட்டர்'. அர்னால்ட் கையில் நீளக் குழல் கொண்ட ஒரு .45 பிஸ்டல் இருக்கும், அதன் தலைமேல் ஒரு குழாய். படத்தின் போஸ்டரிலேயே அதைப் பார்க்கலாம். அந்தக் குழாயைச் செய்து கொடுத்தது லேசர் ப்ராடக்ட்ஸ் என்ற கலிஃபோர்னியா கம்பெனி. இன்றைக்கு டார்ச்சுக்குப் பேர்போன ஷ்யூர்ஃபயர்தான் அது. வேடிக்கை என்னவென்றால், அன்றைய லேசர் கைத்துப்பாக்கியில் மாட்டும் அளவுக்கு வளர்ந்திருக்கவே இல்லை. உள்ளே இருந்தது ஹீலியம்-நியான் வாயுக் குழாய். அதைக் கிளப்பவே சுமார் 10,000 வோல்ட் வேண்டும், அணையாமல் எரிய இன்னொரு 1,000 வோல்ட். துப்பாக்கிக்குள் அவ்வளவு பெரிய பேட்டரிக்கு இடம் ஏது? ஜாக்கெட்டுக்குள் பேட்டரியை ஒளித்து, சட்டைக் கைக்குள்ளாக ஒயர் ஓட்டி, ஸ்விட்சை அர்னால்டின் இன்னொரு கையில் கொடுத்திருந்தார்கள். எதிர்காலத்திலிருந்து வந்த இயந்திர மனிதன் இடது கையால் ஸ்விட்ச் போட்டுக்கொண்டிருந்தான் என்பது தெரிந்தபின் அந்தக் காட்சிகளைப் பார்த்தால் சிரிப்புதான் வருகிறது.

தியோடர் மைமன் 1960-இல் முதல் லேசரை எரியவிட்டார். சிவப்பாகக் கண்ணுக்குத் தெரியும் ஹீலியம்-நியான் லேசர் 1962-இல் வந்தது. ஆனால் சட்டைப்பையில் போடும் துப்பாக்கிக்கு அது இறங்கிவர, அரிசி அளவு டையோடு லேசர் மலிவாகும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1990-களில்தான் அது நடந்தது. ஆரிகனில் தொடங்கிய கிரிம்சன் ட்ரேஸ் கம்பெனி, கைப்பிடியிலேயே லேசரைப் பொருத்தி, பிடியை இறுக்கினாலே எரியும்படி ஸ்விட்ச் வைத்தது. நியூயார்க் மாநிலத்து லேசர்மேக்ஸ், பிஸ்டலுக்குள் ஸ்பிரிங்கைத் தாங்கும் கம்பியையே லேசராக்கியது. இப்போது துப்பாக்கியின் சட்டத்துக்கு (ஃபிரேம்) கீழே தண்டவாளம் போல இருக்கும் பள்ளத்தில் மாட்டுகிற, டார்ச்சும் லேசரும் சேர்ந்த பெட்டிகள்தான் அதிகம் விற்கின்றன.

சரி, இதற்கு என்ன அவசியம்? என்.சி.சி.யில் .22 ரைஃபிள் பிடித்துப் படுத்தவர்களுக்குச் சொல்லவே வேண்டாம்: பேக்சைட் பள்ளத்தின் நடுவே ஃபோர்சைட் முனையை நிறுத்தி, அந்த முனையைத் தாளின் நடுவில் வைக்க வேண்டும். பேக்சைட், ஃபோர்சைட், இலக்கு என்று மூன்று பொருட்கள் மூன்று தூரத்தில் இருக்கின்றன. கண் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் தெளிவாகப் பார்க்கும். அதனால் ஃபோர்சைட்டில் கண்ணை வை, மற்றவை மங்கட்டும் என்பது பால பாடம். நாற்பத்தைந்து வயதைத் தாண்டிய கண்ணுக்கு இந்தப் பாடமே சித்திரவதை. கண் வில்லை விறைத்துப்போய், கை நீட்டும் தூரத்தில் இருக்கிற முனை கம்பளிப் புழுவாகத் தெரியும். படிக்கும் கண்ணாடி போட்டால் முனை தெளியும், இலக்கு கரைந்துவிடும். இரவு இரண்டு மணிக்குத் தூக்கத்திலிருந்து எழுபவன் கண்ணாடியையா தேடிக்கொண்டிருப்பான்?

வெளிச்சம் குறைந்தால் இளைஞருக்கும் இதே கதிதான். கறுப்புத் துப்பாக்கி மேல் கறுப்பு முனை, அதற்குப் பின்னால் கறுப்பு இருட்டு. இதற்குப் பழைய மருந்து ட்ரிட்டியம். மெல்லிய கண்ணாடிக் குழாயில் ட்ரிட்டியம் வாயுவை அடைத்து, உட்சுவரில் ஒளிரும் பூச்சைத் தடவி, குறி முனையில் பதித்துவிடுவார்கள். பேட்டரி இல்லாமல் இரவு பகலாக மினுங்கும். அதன் அரை ஆயுள் 12.3 வருடம் என்பதால், பத்துப் பன்னிரண்டு வருடத்தில் பாதிக்கு மங்கிவிடும். நல்ல சாமான்தான். ஆனால் அதுவும் முனையைப் பார்க்கச் சொல்லும் சாமான். லேசர் வந்து இந்த விதியை மாற்றியது. புள்ளி இலக்கின் மேலேயே விழுவதால் கண் ஒரே இடத்தைப் பார்த்தால் போதும். முனையும் பள்ளமும் கண்ணுக்கு நேரே இருக்க வேண்டிய கட்டாயம்கூட இல்லை. விழுந்து கிடப்பவர், ஒரு கை அடிபட்டவர், துப்பாக்கியை முகத்துக்கு நேரே தூக்க முடியாதவர் ஆகியோருக்கு இது சாதாரண உதவியில்லை.

டெக்சஸில் இதற்கு ஓர் அழகான உதாரணம் இருக்கிறது. சட்டப்படி பார்வையற்றவர் என்று வகைப்படுத்தப்பட்ட ஒருவர், பார்வையுள்ள துணையாளோடு போய், லேசர் மாட்டிய துப்பாக்கியால் மான் வேட்டையாடலாம் என்று மாநில விதி இடம் கொடுக்கிறது. முதல் தடவை கேள்விப்பட்டபோது எனக்கு நம்பிக்கை வரவில்லை. யோசித்தால் புரிகிறது. துணையாள் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டு, புள்ளி எங்கே இருக்கிறது என்று பார்த்து, "கொஞ்சம் இடது, இன்னும் கொஞ்சம் மேலே" என்று காதில் சொல்லலாம். அதுவரை குறி பார்ப்பது சுடுபவரின் ஒற்றைக் கண்ணுக்கு மட்டும் தெரிந்த அந்தரங்கம். அவர் சரியாகப் பார்க்கிறாரா என்று பக்கத்தில் நிற்பவருக்குத் தெரிய வழியே இல்லை. லேசர் அந்த அந்தரங்கத்தை ஊருக்கே சொல்லிவிடுகிறது. லேசரின் எல்லா நன்மையும், ஏறக்குறைய எல்லாக் கெடுதலும் இந்த ஒரு குணத்திலிருந்துதான் வருகின்றன என்பது என் கட்சி.

நன்மையை முதலில் சொல்கிறேன். குறைந்த வெளிச்சத்தில் சுடுவதற்கென்று இங்கே ரேஞ்சுகளில் தனி வகுப்பு நடத்துவார்கள். நான் போன வகுப்பில் சொல்லிக் கொடுத்தவர் ஓய்வுபெற்ற போலீஸ்காரர். விளக்கைத் தணிப்பதற்கு முன்னாலேயே எல்லோருடைய துப்பாக்கியையும் காலியாக்கி, தோட்டாக்களை வேறு மேசைக்கு அனுப்பிவிட்டு, லேசரை எரியவிட்டு ட்ரிகரை மட்டும் அழுத்தச் சொன்னார். புள்ளி சுவரில் நிற்கவே நிற்காது. மூச்சு விட்டால் ஏறும், இதயம் துடித்தால் துள்ளும். அதுகூடப் பரவாயில்லை. ட்ரிகர் விழும் அந்தக் கணத்தில், வலது கைக்காரர்களின் புள்ளி சடக்கென்று கீழே இடப்பக்கமாகப் பாயும். விரல் ட்ரிகரை மட்டும் இழுக்காமல் மொத்தக் கையையும் சேர்த்து இழுப்பதன் விளைவு அது. முனையைப் பார்த்துச் சுடும்போது யாருமே இதை ஒத்துக்கொள்ள மாட்டார்கள். "துப்பாக்கி சரியில்ல, தோட்டா சரியில்ல" என்பார்கள். சுவரில் எல்லோர் கண் முன்னாலும் புள்ளி பாயும்போது வாய் பேச முடியாது. லேசருக்குக் கொடுக்கும் காசில் பாதி இந்தப் பயிற்சி ஒன்றுக்கே தகும்.

இதே துள்ளும் புள்ளிதான் புதியவர்களைக் கெடுக்கவும் செய்கிறது. புள்ளி நடுவுக்கு வரும் அந்தக் கணத்தைப் பிடிக்கப் பார்ப்பார்கள். வந்துவிட்டது என்று தெரிந்ததும் வெடுக்கென்று ட்ரிகரை இழுப்பார்கள். குண்டு தாளின் ஓரத்தில் போய் உட்காரும். ஆடுகிற புள்ளியை ஆடவிட்டு, ட்ரிகரை நிதானமாக அழுத்து என்பதுதான் பாடம். இருட்டில் இன்னொரு கோளாறும் சேரும். துப்பாக்கியை உயர்த்தியதும் புள்ளி எங்கே போயிற்று என்று கண் சுவரெல்லாம் தேடும். முனையைப் பார்த்துப் பழகியவருக்கு புள்ளி ஏறக்குறைய சரியான இடத்தில் தானாக வந்து நிற்கும். லேசரை மட்டும் நம்பிப் பழகியவர் தேடிக்கொண்டே நிற்பார். பேட்டரி தீர்ந்துபோன ஒரு நாளில் அவர் கதி என்ன?

அடுத்தது கடைக்காரர் சொன்ன அந்தப் பாதி உண்மை: புள்ளி விழும் இடத்தில் குண்டு விழும். லேசர் குழலுக்குள் இல்லை, குழலுக்குக் கீழேயோ பக்கத்திலோ இருக்கிறது. குழலுக்கு ஒன்றரை அங்குலம் கீழே இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். குண்டும் ஒளியும் 10 கெஜத்தில் சந்திக்கும்படி முடுக்கியிருக்கிறீர்கள். 5 கெஜத்தில் குண்டு புள்ளிக்கு முக்கால் அங்குலம் மேலே படும். 10 கெஜத்தைத் தாண்டியதும் ஒளி குண்டின் பாதையை வெட்டிக்கொண்டு மேலே போய்விடும். 20 கெஜத்தில் குண்டு புள்ளிக்கு ஒன்றரை அங்குலம் கீழே படும். வீட்டுக்குள் இருக்கும் தூரத்துக்கு இது பெரிய வித்தியாசமில்லை என்பது வாஸ்தவம். ஆனால் அந்த முடுக்கத்தைச் செய்யும் திருகு ஊசி மாதிரி மெல்லிசு, அதைத் திருப்ப ஒரு பொடி ஆலன் கீ. நூறு இருநூறு குண்டின் உதையில் மலிவு லேசர்கள் மெல்ல நழுவிவிடும். புள்ளி மட்டும் முன்போலவே பளிச்சென்று எரிந்துகொண்டிருக்கும். கண்ணாடியில் புகைக்கரி படிந்தால் புள்ளி சிதறி நட்சத்திரமாகும். காது குடையும் பஞ்சுக் குச்சியில் ஒரு சொட்டு ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தால் சரியாகிவிடும். கைப்பிடி லேசரில் இன்னொரு வம்பு: விரலை ட்ரிகரில் வைக்காமல், வைக்க வேண்டியபடி சட்டத்தோரம் நீட்டி வைத்தால், சில மாடல்களில் அந்த விரலே ஒளியை மறைத்துவிடும். புள்ளி தெரியவில்லையே என்று விரலை ட்ரிகருக்குக் கொண்டுபோகும் பழக்கம் வந்துவிட்டால் அது எவ்வளவு பெரிய அபாயம் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

சிவப்பா பச்சையா என்பது கடையில் எல்லோரும் கேட்கும் கேள்வி. பகல் வெளிச்சத்தில் மனிதக் கண்ணுக்கு மிகவும் தோதான ஒளி 555 நானோமீட்டர், அதாவது மஞ்சள் கலந்த பச்சை. இருட்டுக்குப் பழகிய கண்ணுக்கு அது 507-க்கு இறங்கிவிடும். துப்பாக்கியின் சிவப்பு லேசர்கள் 635 முதல் 650 வரை, பச்சை 520 அல்லது 532. ஒரே சக்தியில் எரிந்தாலும் 650 சிவப்பைவிட 532 பச்சை பகலில் சுமார் எட்டு மடங்கு பிரகாசமாகத் தெரியும். வெயிலில் சிவப்புப் புள்ளி பத்துப் பதினைந்து கெஜத்துக்குள்ளேயே காணாமல் போகும்போது பச்சை தெரிந்துகொண்டிருக்கும். அதனால் பச்சைதான் மேல் என்பார்கள். பகலுக்கு நானும் ஒத்துக்கொள்கிறேன். கும்மிருட்டுக்கு எனக்குச் சிவப்பே போதும். இருட்டுக்குக் கண் பழக இருபது முப்பது நிமிடம் ஆகிறது. அந்தக் கண் முன்னால் வெள்ளைச் சுவரில் பச்சைப் புள்ளி பளீரென்று வெடித்தால், புள்ளியைச் சுற்றி இருப்பதெல்லாம் மறைந்துவிடுகிறது. மேலும் 532 பச்சை நேரடியாகப் பிறப்பதில்லை. 808 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒரு படிகத்தை உசுப்பி 1064 ஆகி, இன்னொரு படிகத்தில் பாதியாக மடிந்து 532 ஆகிறது. குளிரில் இந்தச் சங்கிலி தடுமாறும். இப்போது நேரடியாக 520 தரும் டையோடுகள் வந்துவிட்டதால் பச்சை வாங்குபவர்கள் அதைக் கேட்டு வாங்குவது நல்லது.

மலிவு பச்சை லேசரில் கண்ணுக்கே ஆபத்து உண்டு. அமெரிக்காவில் கையில் பிடிக்கும் லேசர் பாயின்ட்டருக்கு 5 மில்லிவாட்தான் உச்சவரம்பு. அமெரிக்க அரசின் தர அளவீட்டு நிறுவனமான நிஸ்ட், 122 லேசர் பாயின்ட்டர்களைச் சோதித்துப் பார்த்து 2013-இல் முடிவை வெளியிட்டது. பச்சையில் ஏறக்குறைய 90 சதவீதமும் சிவப்பில் 44 சதவீதமும் விதிக்கு உட்படவில்லை. பச்சையில் பலவற்றில், நான் மேலே சொன்ன அந்த அகச்சிவப்பு வடிகட்டப்படாமல் வெளியே கசிந்துகொண்டிருந்தது. கண்ணுக்குத் தெரியாத ஒளி என்பதால் இமை தன்னால் மூடாது. அவர்கள் சோதித்தது பாயின்ட்டர்களை, துப்பாக்கி லேசர்களை இல்லை. ஆனாலும் இணையத்தில் முப்பது டாலருக்கு வரும் துப்பாக்கி லேசரில் என்ன இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? அப்புறம், எந்த லேசரானாலும் விளையாட்டுக்குக்கூட வானத்தில் போகிற விமானத்தை நோக்கிக் காட்டிவிடாதீர்கள். 2012-லிருந்து அது தனிக் கூட்டாட்சிக் குற்றம், ஐந்து வருடம்வரை சிறை.

லேசர் ரகசியத்தை உடைக்கும் என்றேனே, அதன் இன்னொரு முகத்தை இங்கிலாந்துப் போலீஸ்காரர்களிடம் பார்க்கலாம். அங்கே பெரும்பாலான போலீசாரிடம் துப்பாக்கி கிடையாது, சிலரிடம் மின்னதிர்ச்சி கொடுத்து ஆளை முடக்கும் டேசர் உண்டு. டேசரை எடுத்தாலே அதைப் பதிவு செய்ய வேண்டும். எடுத்தது, நீட்டியது, சுட்டது என்று வகைகளில் 'ரெட் டாட்' தனி வகை. அதாவது சுடாமல் ஆள் மேல் சிவப்புப் புள்ளியை மட்டும் வைத்தது. டேசர் பயன்பாட்டில் இந்த வகைதான் முதலிடம். சுடுவது சிறு பங்குதான். புள்ளியைப் பார்த்ததும் ஆள் அடங்கிவிடுகிறான் என்று அர்த்தம். இதே தர்க்கத்தில்தான் இங்கே லேசர் கம்பெனிக்காரர்களும், "புள்ளியைக் கண்டாலே திருடன் ஓடிவிடுவான்" என்கிறார்கள். எனக்கு இதில் நம்பிக்கை குறைவு. சீருடை போட்டவர் முன்னால் நின்று எச்சரித்துக்கொண்டே வைக்கும் புள்ளி வேறு. இருட்டு வீட்டில், முகத்தில் டார்ச் அடிக்கப்பட்டுக் கண் கூசி நிற்பவனுக்குத் தன் நெஞ்சில் இருக்கும் புள்ளி தெரியவே போவதில்லை. போதையில் இருப்பவன் அதைக் கண்டுகொள்ளப் போவதும் இல்லை.

ராணுவக் கதை இதைவிடச் சுவாரஸ்யமானது. அமெரிக்கப் படையினரின் ரைஃபிளில் பெக்-15 என்ற பெட்டி இருக்கும். அதிலிருந்து வரும் அகச்சிவப்பு லேசர் வெறும் கண்ணுக்குத் தெரியாது, இரவுக் கண்ணாடி போட்டவர்க்கு மட்டும் தெரியும். இரவு எங்களுக்குச் சொந்தம் என்று அவர்கள் மார்தட்டிக்கொண்டதற்கு இந்த ஏற்பாடு ஒரு பெரிய காரணம். எதிரியிடமும் இரவுக் கண்ணாடி இருந்தால் கதை அப்படியே தலைகீழ். புள்ளி மட்டும் இல்லை, தூசியிலும் புகையிலும் முழுக் கோடே தெரியும். கோட்டின் ஒரு முனையில் இலக்கு, மறு முனையில் லேசர்காரர். உக்ரைன் போரில் இரு தரப்பிடமும் இரவுக் கண்ணாடிகள் இருப்பதால், லேசரை எரியவிடாமல் இரவுக் கண்ணாடி வழியாகவே குறிக்கண்ணாடியைப் பார்த்துச் சுடும் முறைக்கு மறுபடி மதிப்பு வந்திருக்கிறது. புகையில் கோடு தெரிவதை, உள்ளரங்க ரேஞ்சில் நாலு பேர் சுட்டபின் நீங்களே பார்க்கலாம். பச்சைக் கோடு குழலிலிருந்து தாள்வரை நூல் பிடித்தாற்போல் நிற்கும். நாலு பேரிடமும் லேசர் இருந்தால் தாளில் எந்தப் புள்ளி யாருடையது என்று தெரியாமல் எல்லோரும் கையை ஆட்டிப் பார்த்துக்கொள்ளும் கூத்தும் நடக்கும்.

இனி நான் மிகவும் கவலைப்படும் விஷயத்துக்கு வருகிறேன். அரிசோனாவில் கன்சைட் என்ற பயிற்சிப் பள்ளியை 1976-இல் தொடங்கிய ஜெஃப் கூப்பர் என்பவர் வகுத்த நான்கு பாதுகாப்பு விதிகள் இங்கே ரேஞ்சுக்குப் போகிற எல்லோருக்கும் மனப்பாடம். நான்காவது விதி: இலக்கு எது, அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று உறுதியாகத் தெரிந்துகொள். இருட்டில் இந்த விதியில்தான் எல்லோரும் வழுக்கி விழுகிறார்கள். நள்ளிரவில் சத்தம் கேட்டு எழுந்து, நிழலைச் சுட்டு, விளக்கைப் போட்டுப் பார்த்தால் கிடப்பது சொந்த மகன் என்ற செய்தி அமெரிக்காவில் திரும்பத் திரும்ப வருகிறது. சொல்லாமல் ஊருக்கு வந்த காலேஜ் பிள்ளை, தண்ணீர் குடிக்க எழுந்த மாமியார், கதவு மாறி வந்த பக்கத்து வீட்டுக்காரர். இந்த நிழல்களில் யாருக்குமே லேசர் முகம் வரைந்து காட்டாது. அது காட்டும் ஒரே சங்கதி குழல் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பது. அங்கே நிற்பது யார் என்று தெரிய வெள்ளை வெளிச்சம் வேண்டும்.

பின்னால் என்ன இருக்கிறது என்பதும் நம் வீடுகளில் சின்ன விஷயமில்லை. ஊரில் ஒன்பது அங்குலச் செங்கல் சுவரில் வளர்ந்தவர்கள் நாம். இங்கே அறைக்கு அறை அரை அங்குல ஜிப்சம் பலகைதான் சுவர். சாதாரண 9 மில்லிமீட்டர் குண்டு இதில் ஒன்றுக்கு மேற்பட்ட சுவர்களைத் துளைத்துக்கொண்டு போகும். புள்ளி சுவரில் நின்றுவிடும், குண்டு நிற்காது. சுவருக்கு அந்தப் பக்கம் பிள்ளைகளின் படுக்கை இருக்கிறதா என்பதைப் பகலிலேயே, துப்பாக்கி இல்லாமல், வீட்டைச் சுற்றி நடந்து பார்த்து வைத்திருக்க வேண்டும்.

அப்படியென்றால் டார்ச்சையே துப்பாக்கியில் மாட்டிவிடலாமே என்பீர்கள். மாட்டலாம், பலரும் மாட்டுகிறார்கள். ஆனால் அதை மட்டும் வைத்திருந்தால், யார் என்று பார்ப்பதற்கே துப்பாக்கியை அவர் மேல் நீட்ட வேண்டும். அழிக்க விரும்பாத எதன் மேலும் குழலை நீட்டாதே என்பது கூப்பரின் இரண்டாவது விதி. அதனால் கையில் தனி டார்ச் கட்டாயம். வகுப்பில் காட்டிய முறைகளில் எனக்கு ஒத்துவந்தது ஹாரிஸ் பிடி. டார்ச்சை இடது கையில் குத்துவது போலப் பிடித்து, அந்தக் கையைத் துப்பாக்கிக் கைக்கு அடியில் கொண்டுபோய், இரண்டு புறங்கைகளையும் ஒன்றோடொன்று அழுத்திக்கொள்வது. வலது கை முன்னே தள்ளும், இடது கை பின்னே அழுத்தும், அந்த இறுக்கத்தில் துப்பாக்கி நிற்கும். கை வலிக்கும், அழகாக இருக்காது. ஆனால் டார்ச் மட்டும் போதும் என்ற நேரத்தில் துப்பாக்கியைக் கீழே நோக்கி வைத்துக்கொண்டு இடது கையை மட்டும் உயர்த்தலாம். 1980-களில் புகழ்பெற்ற ஷ்யூர்ஃபயர் 6பி டார்ச் அறுபது சொச்சம் லூமன்தான் தந்தது, அதுவே அன்று பெரிது. இன்று சட்டைப்பை டார்ச்சே ஆயிரம் லூமன் தருகிறது. வெள்ளைச் சுவர் உள்ள ஹாலில் அதைக் கூரை நோக்கி அடித்தாலே அறை முழுக்கத் தெரியும். நிற்பவர் யார் என்று புரிந்துவிடும், பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும்.

என் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். லேசர் நல்ல பயிற்சியாளர், வயதான கண்ணுக்கும் அடிபட்ட கைக்கும் உண்மையான துணை. இருட்டுக்கு அது இரண்டாவது சாமான்தான், டார்ச்சுக்குப் பின்னால். புதிதாக வாங்குபவரிடம் ஐநூறு டாலர் கூடுதலாக இருந்தால், விரல் பட்டதும் திறக்கும் நல்ல பூட்டுப் பெட்டிக்கு முதலில் போடுங்கள், பிள்ளைகள் இருக்கும் வீட்டில் அதற்கு மாற்றே கிடையாது. அடுத்தது கை டார்ச், அதற்கும் அடுத்தது குறைந்த வெளிச்சத்தில் நடக்கும் வகுப்பு. இதெல்லாம் போக மிச்சம் இருந்தால் லேசர் வாங்குங்கள், பேர் தெரிந்த கம்பெனியில் வாங்குங்கள், மாட்டிய கையோடு ரேஞ்சுக்குக் கொண்டுபோய் முடுக்கிப் பாருங்கள். வீட்டில் புள்ளி வைத்துப் பயிற்சி எடுப்பதானால் தோட்டாக்கள் அத்தனையும் வேறு அறையில் இருக்கட்டும், துப்பாக்கி காலிதானா என்று கண்ணாலும் விரலாலும் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். வீட்டில் எல்லோரிடமும் இன்றைக்கே ஒன்று சொல்லி வையுங்கள்: ராத்திரி யார் வந்தாலும் வாசலிலேயே நின்று பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும்.